மொக்கைத் தட்டே போதும்



"மொக்கை" என்ற சொல்லை நம்ம கேம்பஸில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறீர்கள்? மொக்கை ஜோக், மொக்கைப் படம், மொக்கை கிளாஸ். நமக்குப் பிடிக்காத எல்லாமே மொக்கை. ஆனால் ஊரில் பாட்டியிடம் கேட்டால் வேறு அர்த்தம் சொல்லுவார். காய் நறுக்க மறுக்கும் அரிவாள்மனை மொக்கை. சீவாத பென்சில் மொக்கை. கூர் போனது எதுவோ அது மொக்கை. இந்தக் கட்டுரை அந்தப் பழைய அர்த்தத்தில் மொக்கையான ஒரு பொருளைப் பற்றியது. (படிச்சு முடிச்சுட்டு புது அர்த்தத்துலயும் மொக்கைன்னு சொன்னா, அது உங்க இஷ்டம்.)

பொருள் இதுதான்: பறக்கும் தட்டு. ஃபிரிஸ்பீ என்று நாம் பொதுவாகச் சொல்வது. சாயங்காலம் கிரவுண்டுக்கு வரும் ஜூனியர்கள் முதல் நாளே கேட்கும் கேள்வி, "அண்ணா, எந்த டிஸ்க் வாங்கலாம்?" நான் சொல்லும் பதிலும் மாறுவதில்லை. "மெதுவா போறதா வாங்கு. விளிம்பு மொக்கையா இருக்கணும்." உடனே முகம் வாடிவிடும். "இல்லண்ணா, நல்லா வேகமா, தூரமா போற மாதிரி..." என்று இழுப்பார்கள். பைக் வாங்கப் போய் மொபெட்டைக் காட்டிய மாதிரி ஒரு பார்வை.

அந்தப் பார்வைக்கு நிற்க வைத்துப் பதில் சொல்ல ஐந்து நிமிடம் போதாது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், தெரியாதவர்களுக்கு ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். டிஸ்க் கால்ஃப் என்பது பெயரில் இருப்பதுதான். பந்துக்குப் பதில் தட்டு, மட்டைக்குப் பதில் கை, குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. ஆரம்பக் கோட்டிலிருந்து எறிவீர்கள். தட்டு விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிவீர்கள். எத்தனை எறிதலில் கூடைக்குள் போட்டீர்கள் என்பதுதான் கணக்கு. குறைவாக எறிந்தவர் ஜெயிப்பார். அமெரிக்காவிலும் பின்லாந்திலும் இதற்கென்றே பூங்காக்களில் மைதானங்கள் இருக்கின்றன. நமக்கு இருப்பது கல்லூரி கிரவுண்டும் அதைச் சுற்றியுள்ள மரங்களும். எங்கள் ஆட்டத்தில் ஆறு குறிகள். அதில் உண்மையான கூடை ஒன்றே ஒன்று. மெக்கானிக்கல் நண்பன் ஒருவன் பழைய இரும்புக்கடையில் பிடித்த இரண்டு சைக்கிள் ரிம், சில சைக்கிள் செயின், ஒரு ஜி.ஐ. பைப், கொஞ்சம் கம்பி வலை, இவற்றை வைத்து வெல்டிங் பண்ணினது. மீதி ஐந்தும் இரண்டு வேப்ப மரம், ஒரு லைட் கம்பம், தண்ணீர் டேங்க்கின் தூண், கோல் போஸ்ட்டின் இடது கம்பம். தட்டு பட்டால் போதும், போட்டதாகக் கணக்கு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூடை வருவதற்கு முன் அமெரிக்காவிலும் மரத்தையும் விளக்குக் கம்பத்தையும் குப்பைத் தொட்டியையும் குறி வைத்துத்தான் ஆடினார்கள்.

கூடையும் செயினும் வேண்டாம், சும்மா ரெண்டு பேர் எதிரெதிரே நின்று எறிந்து பிடித்தால்கூட அது ஒரு முழு ஆட்டம். சொல்லப்போனால் எங்கள் கூட்டத்தில் பாதி நேரம் கேட்ச்தான். கடைசி டீ முடிந்து ஹாஸ்டல் மணி அடிக்கும் வரை.

இப்போது தட்டின் கதைக்கு வருவோம். 1937இல் அமெரிக்காவில் ஃபிரெட் மாரிசன் என்ற இளைஞர் பாப்கார்ன் டின்னின் மூடியைத் தன் காதலியோடு எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார். மூடி நசுங்கியதும் கேக் தட்டுக்கு மாறினார்கள். அடுத்த வருடம் சான்டா மோனிகா கடற்கரையில் இவர்கள் எறிவதைப் பார்த்த ஒருவர், அந்தத் தட்டை 25 சென்ட்டுக்குக் கேட்டார். கடையில் அதன் விலை 5 சென்ட். அங்கேயே ஒரு வியாபாரம் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்துவிட்டு வந்து, பிளாஸ்டிக்கில் தட்டு செய்தார் மாரிசன். 1957இல் வாம்-ஓ என்ற பொம்மை நிறுவனம் அதை வாங்கியது; அதே வருடம் ஃபிரிஸ்பீ என்ற பெயரும் வந்தது. 1960களில் அங்கே வேலை பார்த்த எட் ஹெட்ரிக் அதைச் சீராகப் பறக்கும்படி மாற்றி அமைத்தார். பிறகு 1975இல் கலிபோர்னியாவின் ஓக் க்ரோவ் பூங்காவில் முதல் நிரந்தர டிஸ்க் கால்ஃப் மைதானத்தை அமைத்ததும், சங்கிலிக் கூடையை உருவாக்கியதும் இதே ஹெட்ரிக்தான். 2002இல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். நம்பமாட்டீர்கள், உண்மைதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பாப்கார்ன் மூடியிலிருந்து ஓக் க்ரோவ் வரை, எறியப்பட்ட தட்டுகள் எல்லாமே மொக்கை விளிம்பு உடையவை. நம்ம வீட்டு எவர்சில்வர் தட்டின் ஓரத்தைப் போல வட்டமாக மடிந்தவை. மனிதர்கள் அதை வைத்துக்கொண்டு ஒரு விளையாட்டையே உருவாக்கிவிட்டார்கள். கூர் விளிம்பு வந்தது 1983இல். டேவ் டனிபேஸ் என்பவர் தட்டின் ஓரத்தைச் சரிவாகச் சீவி, முக்கோண வெட்டுத்தோற்றம் கொண்ட ரிம்மை அறிமுகப்படுத்தினார். காற்றை முட்டித் தள்ளாமல் கிழித்துக்கொண்டு போனது. தூரம் ஒரே பாய்ச்சலில் கூடியது. அன்றிலிருந்து வேகப் போட்டிதான். இன்று "டிஸ்டன்ஸ் டிரைவர்" என்று விற்கும் தட்டுகளின் ரிம் 2 செ.மீ.க்கும் மேல் அகலம். ஆணியடித்த மாதிரி நேராகப் போய் இறங்கும்.

ஆனால் யார் எறிந்தால்? அதுதான் கேள்வி.

கால்ஃப் தட்டுகளில் நான்கு எண்கள் அச்சிட்டிருப்பார்கள்: வேகம், மிதப்பு, திருப்பம், சாய்வு. ஸ்பீட், கிளைட், டர்ன், ஃபேட் என்று ஆங்கிலத்தில் சொல்வதை நான் இப்படிச் சொல்கிறேன். உதாரணத்துக்கு இன்னோவா நிறுவனத்தின் ஏவியார் என்ற பட்டருக்கு (கேன்டீன் பட்டர் இல்லை, கூடைக்குப் பக்கத்திலிருந்து போடும் தட்டுக்கு அதுதான் பெயர்) 2, 3, 0, 1. அதே நிறுவனத்தின் டெஸ்ட்ராயர் என்ற டிரைவருக்கு 12, 5, -1, 3. கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நம்ம ஆள் எதை எடுப்பான்? 12ஐத்தான். மொபைலில் ஜி.பி. அதிகம் பார்த்து வாங்குகிற பழக்கம்.

இங்கேதான் ஒரு பெரிய குழப்பம். வேகம் 12 என்றால் அந்தத் தட்டு உங்களுக்கு 12 அளவு வேகம் தரும் என்று அர்த்தமில்லை. அது உங்களிடம் அவ்வளவு வேகம் கேட்கிறது. அந்த வேகத்தில் எறிந்தால்தான் அது வடிவமைத்தபடி பறக்கும். குறைந்த வேகத்தில் எறிந்தால்? கொஞ்ச தூரம் போய், இடது பக்கம் சரிந்து, தரையில் குத்தும். கடனுக்கு வாங்கின பைக் மாதிரி. டியூ கட்ட முடியாதவனுக்கு அது ஓடாது.

ஏன் அப்படி? சின்ன வயதில் பம்பரம் விட்டிருப்பீர்கள். சாட்டையைச் சுழற்றி விட்டதும் நிமிர்ந்து நிற்கும். சுற்று குறையக் குறைய தலையாட்டும். சுழலும் பம்பரத்தை விரலால் ஒரு பக்கம் தட்டினால், அது தட்டிய பக்கம் சாயாது. அதற்குச் செங்குத்தான திசையில் சாயும். தட்டும் ஒரு பம்பரம்தான், படுத்துக்கொண்டு பறக்கும் பம்பரம். வலது கைக்காரர் பேக்ஹேண்டில் எறிந்தால் மேலிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் சுழலும். வேகம் குறைந்ததும் தட்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். காற்று அடியிலிருந்து முட்டும். தூக்குவிசை மையத்துக்கு முன்னால் நகர்ந்து மூக்கை மேலே தூக்கப் பார்க்கும். சுழல்கிற பொருளாயிற்றே, மூக்கு தூக்காது. பதிலுக்கு இடது பக்கம் சாயும். அதுதான் ஃபேட். நல்ல வேகத்தில் இருக்கும்போது இதற்கு நேர் எதிராக நடப்பதுதான் டர்ன். டெஸ்ட்ராயருக்கு ஃபேட் 3. அதை நம்ம கை வேகத்தில் எறிந்தால் டர்ன் என்ற கட்டமே வராது, எடுத்த எடுப்பிலேயே ஃபேட். "அண்ணா, நான் எறிஞ்சா மட்டும் லெஃப்ட்லயே போகுது" என்று புலம்பும் ஜூனியரின் கையில் எப்போதும் ஒரு டிரைவர் இருக்கும். பாவம், கை மேல் தப்பில்லை.

மொக்கை விளிம்புத் தட்டு அப்படிக் கேட்பதில்லை. தடித்த உடம்பு, ஆழமான அடிப்பகுதி. காற்றுத் தடை அதிகம், ஆனால் குறைந்த வேகத்திலேயே தூக்குவிசை கிடைக்கும். உங்களிடம் இருக்கிற வேகத்துக்கு அது முழுதாகப் பறந்து காட்டும். தவறாக எறிந்தால் தவறு எங்கே என்பதும் தெரியும்: மணிக்கட்டு சுழற்றவில்லை என்றால் நடுங்கும், மூக்கைத் தூக்கி விட்டால் மேலே போய் நின்று விழும். டிரைவர் எல்லாத் தவறுக்கும் ஒரே பதில் சொல்லும், இடது பக்கம் குத்துவது. எதை வைத்துக் கற்றுக்கொள்வது?

இதெல்லாம் எறிகிறவர் பக்கத்துக் கதை. நான் உண்மையில் சொல்ல வந்தது எதிரில் நிற்பவரைப் பற்றி.

போன வருடம் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு. அப்போது நாங்கள் பதினோரு பேர் தினமும் வருவோம். நாலு பேர் பெண்கள், மூணு பேர் ஃபர்ஸ்ட் இயர். பாஸ் அவுட் ஆன ஒரு சீனியர் வெளிநாட்டிலிருந்து வந்தவர், பாசமாக ஒரு தட்டு கொண்டுவந்திருந்தார். வேக எண் 11 போட்ட டிரைவர். கண்ணாடி மாதிரிப் பளபளவென்று, கல் மாதிரிக் கெட்டியாக. எல்லோரும் மாறி மாறி எறிந்து பார்த்தோம். வட்டமாக நின்று கேட்ச் ஆடிக்கொண்டிருந்தபோது அந்தத் தட்டும் வட்டத்துக்குள் வந்துவிட்டது. நல்ல கையிலிருந்து நல்ல வேகத்தில் வந்தது. என் வகுப்புத் தோழி ஒருத்தி கையை நீட்டினாள். விளிம்பு நேராக அவள் வலது கை நடுவிரலின் மூட்டில் பட்டது.

எலும்பு முறியவில்லை. ஆனால் மூன்று வாரம் விரலைக் கட்டி வைக்கச் சொல்லிவிட்டார்கள். மாடல் எக்ஸாம் அந்த வாரம். அதைப் பற்றி அவள் பெரிதாகப் பேசவில்லை. அவள் அப்பா ஊரில் தையல்காரர். சின்னக் கடை, ஒரே மெஷின். வருடத்தில் அவர்களுக்கு நிஜமாகக் காசு பார்க்கும் மாதம் தீபாவளி மாதம்தான். லீவுக்கு ஊருக்குப் போனால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும் இவள் வேலை. "எக்ஸாம் போனா சப்ளி எழுதிக்கலாம்டா. அப்பா இந்தத் தடவை தனியா உட்கார்ந்து எல்லாத்தையும் முடிச்சார். வந்த துணியில பாதியைத் திருப்பி அனுப்பிட்டார்" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அதன்பிறகு அவள் கிரவுண்டுக்கு வரவில்லை. அவளோடு வரும் மற்ற மூன்று பேரும் நின்றார்கள். ஏற்கெனவே கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கிற ஃபர்ஸ்ட் இயர் பசங்க மூணு பேருக்கும் திடீரென்று அசைன்மென்ட் நிறைய வந்துவிட்டது. பதினொன்று நான்கானது. நாலு பேரும் நல்லா எறிவோம், நல்ல தூரம் எறிவோம். எறிந்துவிட்டு நாங்களே நடந்துபோய் எடுத்துக்கொண்டு வருவோம். எவ்வளவு தூரம் எறிந்தோமோ அவ்வளவு தூரம் நடை.

நாம் இன்ஜினியரிங் படிக்கிறோம், கணக்குப் போட்டுப் பார்ப்போம். தட்டின் எடை 175 கிராம். கிரிக்கெட் பந்தே அதிகபட்சம் 163 கிராம்தான். அதற்கு நாம் பேடும் கிளவுஸும் கேட்கிறோம். அரை எம் வி ஸ்கொயர் போடுங்கள். வினாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் வந்தால் 12.6 ஜூல். 20 மீட்டரில் வந்தால் 35 ஜூல். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, கையில் இறங்கும் ஆற்றல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அடுத்தது நேரம். 25 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு முதல் தட்டு வந்துசேர இரண்டு வினாடிக்கு மேல் இருக்கிறது. இரண்டாவதுக்கு ஒன்றேகால் வினாடி. பார்த்து, முடிவெடுத்து, காலை நகர்த்தி, கையைத் திருப்ப அந்த முக்கால் வினாடிதான் வித்தியாசம். புதிதாக வந்தவருக்கு அந்த முக்கால் வினாடிதான் எல்லாமே.

மூன்றாவது, படும் இடத்தின் பரப்பு. டிஸ்க் கால்ஃபின் சர்வதேச விதிகளில் விளிம்பின் வளைவு ஆரம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்று இருக்கிறது. பாதுகாப்புக்குத்தான். ஆனால் 1.6 மி.மீ. ஆரம் என்றால் விட்டம் 3.2. வொர்க்‌ஷாப்பில் நாம் பிடித்த 3.15 மி.மீ. வெல்டிங் ராடை நினைத்துப் பாருங்கள். அந்தத் தடிமனில் ஒரு கெட்டியான ஓரம், 35 ஜூலோடு ஒரு விரல் மூட்டின் மேல். இதற்கு விசை பை பரப்பு என்று போர்டில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. டிரைவர் என்பது ஆளில்லாத திசையில் கூடையை நோக்கி எறிவதற்காகச் செய்யப்பட்டது. அதைக் கேட்ச் வட்டத்துக்குள் கொண்டுவருவது, பழம் நறுக்க அரிவாளை எடுப்பது மாதிரி.

நாங்கள் நாலு பேரும் காசு போட்டு, அந்த டிசம்பரில் மூன்று தட்டு வாங்கினோம். மூன்றும் மொக்கை. வாங்குவதற்கு முன் நிறையப் படித்தோம், வாங்கிய பிறகு நிறைய எறிந்தோம். அதில் தேறியதை உங்களுக்குச் சொல்கிறேன்.

கட்டைவிரலால் விளிம்பைத் தடவிப் பாருங்கள். முதல் சோதனை இதுதான். வட்டமாக, சொம்பின் வாய் போல இருக்க வேண்டும். சரிவாக ஓடி ஒரு கோட்டில் முடிந்தால் வைத்துவிடுங்கள். பிறகு ரிம்மின் அகலம்: ஏறக்குறைய 1 செ.மீ. அல்லது அதற்கும் குறைவு. மெல்லிய ரிம் என்றால் பிடிக்கும்போது விரல்கள் முழுதாக உள்ளே மடங்கும். சின்னக் கைகளுக்கும் சரியாக இருக்கும்.

எண்கள் போட்டிருந்தால் வேகம் 1 முதல் 3 வரை. மிதப்பு 3 அல்லது அதற்கு மேல். டர்ன் 0 அல்லது -1. ஃபேட் 0 அல்லது 1. இன்னோவாவின் போல்கேட் என்ற தட்டுக்கு 1, 3, 0, 0 என்று இருக்கும். அதாவது மெதுவாக எறி, நேராகப் போகிறேன், நேராக இறங்குகிறேன் என்கிறது. வேறென்ன வேண்டும்?

எடை. கால்ஃப் தட்டு பெரும்பாலும் 175 கிராமுக்குள் ஏன் நிற்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? விதிப்படி விட்டத்தின் ஒவ்வொரு செ.மீ.க்கும் 8.3 கிராம்தான் அனுமதி. விட்டம் 21.2 செ.மீ. என்றால் பெருக்கிப் பாருங்கள், 176 கூட முழுதாக வராது. அதிலேயே 150 கிராம் சுமாரில் கிடைப்பது புதியவர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் நல்லது. காற்றுக் காலத்துக்கு 170க்கு மேல் ஒன்று.

பிளாஸ்டிக். பளபளவென்று கண்ணாடி போல இருப்பது விலையும் அதிகம், கெட்டியும் அதிகம். கொஞ்சம் மங்கலாக, ரப்பர் மாதிரிப் பிடி கிடைக்கும் மலிவு ரகம்தான் கேட்சுக்கு நல்லது. இரண்டு கையாலும் லேசாக மடித்துப் பாருங்கள். சப்பாத்தி மாதிரி மடங்க வேண்டாம், ஆனால் கொடுக்க வேண்டும். மலிவு ரகம் சீக்கிரம் தேயும், மரத்தில் பட்டுப் பட்டு ஓரம் சொரசொரப்பாகும். அப்படி ஆனால் வீட்டில் அம்மா நகம் ராவுகிற மாதிரி, நைஸான உப்புத்தாளால் பிசிறை மட்டும் தேய்த்து விடுங்கள். விரல் கீறாது.

உங்கள் தேவை என்ன என்பதையும் பாருங்கள். கேட்ச் மட்டும்தான் என்றால் கால்ஃப் தட்டே வேண்டாம். அல்டிமேட் ஆட்டத்துக்கான 175 கிராம் தட்டு, விட்டம் 27 செ.மீ.க்குச் சற்று மேல், அதை வாங்குங்கள். சென்னையில் பெசன்ட் நகர் கடற்கரையில் ஆடுகிறார்களே, அந்தத் தட்டு. எடை ஒன்றுதான், ஆனால் பெரியது, தளதளவென்று மிதந்து வரும், எங்கே வரும் என்று பிடிப்பவருக்கு முன்கூட்டியே தெரியும். கூடையில் போடுவது மட்டும் என்றால் 21 செ.மீ. பட்டர். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று வாங்கத்தான் காசு இருக்கிறதா? ஹாஸ்டல்வாசிக்கு அதுதான் நிலைமை. அப்போதும் பட்டரே. முப்பது நாற்பது மீட்டர் வரை எறியலாம், இருபது மீட்டரில் பிடித்து விளையாடலாம், ஐந்து மீட்டரில் கூடையில் போடலாம். செயினில் பட்டால் தட்டிவிட்டுத் தெறிக்காமல் "சலக்" என்று உள்ளே விழுவதும் இந்த மெதுவான தட்டுதான். சங்கிலி தொங்குவதே தட்டின் வேகத்தை வாங்கிக்கொள்ள. கொஞ்சமாக இருந்தால் முழுதாக வாங்கிக்கொள்ளும்.

குறையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். மெதுவான தட்டுக்குக் காற்று ஆகாது. எதிர்காற்றில் தட்டுக்குத் தான் வேகமாகப் போவது போல ஒரு நினைப்பு வந்து வலது பக்கம் புரளும். பின்காற்றில் மிதப்பு குறைந்து சீக்கிரம் இறங்கும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்குமாம். நம்ம பட்டர் எம்மாத்திரம்? அந்த மாதத்தில் தாழ்வாக எறியுங்கள், தூரத்தைக் குறையுங்கள், அல்லது கட்டடத்துக்குப் பின்னால் மறைவாக ஆடுங்கள். வெயிலும் எதிரி. பைக் சீட்டின் மேல் நடுப்பகலில் வைத்துவிட்டு கிளாஸுக்குப் போனால் திரும்பி வரும்போது அப்பளம் மாதிரி வளைந்திருக்கும். இன்னொன்று, மொக்கைத் தட்டு தூரப் போட்டியில் ஜெயிக்காது. நூறு மீட்டர் தாண்ட வேண்டும் என்ற ஆசை இருந்தால், கை தேறிய பிறகு டிரைவர் வாங்குங்கள், ஆளில்லாத கிரவுண்டில் எறியுங்கள். அதிலும் ஒரு அழகு இருக்கிறது, மறுக்கவில்லை.

எறிவதைப் பற்றி இரண்டே வார்த்தை. தோளால் தள்ளாதீர்கள். ஈரத் துண்டை உதறுகிற மாதிரி, கடைசி நொடியில் மணிக்கட்டு வெட்ட வேண்டும். குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிந்து தத்த விட்ட கைகளுக்கு இது ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். பிடிப்பது அதைவிட எளிது. ஒற்றைக் கையால் ஸ்டைல் எல்லாம் அப்புறம். மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் சப்பாத்தி மாவை வைத்துத் தட்டுகிற மாதிரி இரண்டு உள்ளங்கையாலும் மூடுங்கள். விரல் நுனி தட்டுக்கு எதிரே நீளக் கூடாது. நெஞ்சு உயரத்தில் வந்தால் இதை மிஞ்சிய பிடி கிடையாது.

ஜனவரியில் செமஸ்டர் திறந்ததும் அந்த மூன்று தட்டையும் வைத்துக்கொண்டு நாலு பேர் ஆட ஆரம்பித்தோம். யாரையும் கூப்பிடவில்லை. மெதுவான தட்டுக்கு ஒரு குணம் உண்டு, பார்க்கிறவர்களுக்கும் நேரம் தரும். வாக்கிங் போகிறவர்கள் நிற்பார்கள். பக்கத்தில் விழுந்தால் எடுத்து எறிவார்கள். முதலில் வந்தது ஹாஸ்டல் செக்யூரிட்டி அண்ணன். அப்புறம் அசைன்மென்ட் முடித்துவிட்ட ஃபர்ஸ்ட் இயர் பசங்க.

பிப்ரவரியில் ஒரு நாள் தோழி வந்தாள். ஆட வரவில்லை, லேப் ரெக்கார்டு வாங்க வந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் பெரிய தட்டை அவள் கையில் கொடுத்தேன். தையல்காரர் வீட்டுப் பெண் அல்லவா, துணியைப் பார்ப்பது போல ஓரத்தைச் சுற்றிலும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். மடித்துப் பார்த்தாள். "இது மொக்கையா இருக்குடா" என்றாள்.

"ஆமா" என்றேன்.

பத்து மீட்டர் தள்ளி நின்றாள். முதல் இரண்டு தட்டை விட்டுவிட்டாள். அவை அவளைத் தாண்டிப் போய் புல்லில் இறங்கின. மூன்றாவதைப் பிடித்தாள், இரண்டு கையாலும், மூடி. அந்த நடுவிரல் இன்னும் முழுதாக மடங்காது, கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும். அதற்கு ஏற்ற மாதிரி அவள் ஒரு பிடி கண்டுபிடித்துவிட்டாள், ஆள்காட்டி விரலை வெளி ஓரத்தில் வைத்து. இப்போது எங்கள் கூடையில் பத்து மீட்டரிலிருந்து அதிகம் போடுவது அவள்தான். ஒருநாள் தோற்ற கடுப்பில் கேட்டதற்கு, "ஊசியில நூல் கோர்க்கிறவளுக்கு இது பெரிய ஓட்டைதானே" என்றாள்.

இப்போது பதினான்கு பேர் வருகிறோம். அந்த டிரைவரைத் தூக்கிப் போடவில்லை. ரூமில் ஆணியில் மாட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில், கிரவுண்டில் யாரும் இல்லாதபோது மட்டும் எடுப்போம்.

கடையில் நின்று எதை வாங்குவது என்று குழம்பும்போது, இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தட்டுக்கு எப்போதும் இரண்டு கை தேவை. ஒன்று உங்களுடையது, இன்னொன்று எதிரில் நிற்பவருடையது. எறியும் கைக்கு எது பிடிக்கும் என்று பார்த்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். பிடிக்கும் கையைப் பார்த்து வாங்குங்கள். உங்களோடு ஆட ஆள் இருக்கும்.

அவ்வளவுதான் மக்களே. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் கிரவுண்டின் வேப்ப மரப் பக்கம் இருப்போம். தட்டு எங்ககிட்ட இருக்கு, நீங்க எதுவும் வாங்க வேண்டாம். மோதிரம் போட்டிருந்தா கழட்டி வச்சிட்டு வாங்க. பிடிக்கத் தெரியாதேன்னு தயங்காதீங்க. அது மெதுவாத்தான் வரும்.